சும்மா ஓடிய மெஷின்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏதாவது மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று எந்த வார்டிலிருந்தாவது புலம்பல் வந்தால், "மீட்டர்கிட்ட சொல்லு" என்பார்கள். அவள் கறுப்புத் திரையைத் திறந்து நாலு கட்டளை தட்டுவாள். வரிவரியாக ஓடும் எண்களைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கலர் கலராகப் படம் போட்டுக் காட்டும் மென்பொருள்கள் இருந்தன. அவற்றை அவள் தொடமாட்டாள். "அது எனக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுட்டுச் சொல்லுது. எனக்கு நேரா மெஷின்கிட்ட பேசணும்" என்பாள்.

அடித்தளத்தில், குளிரூட்டிய அறையில், ஆள் உயர அலமாரிகளில் பெரிய கணினிகள் சில இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து வி.எம்.கள் குடியிருந்தன. மென்பொருளாலேயே தடுப்புச் சுவர் எழுப்பிப் பிரித்த மெய்நிகர் கணினிகள். ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மருந்துக் கிடங்குக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மொத்தக் கணினியும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் வேகம் எல்லோருக்கும் பொது. ஒன்று அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருந்த நேரத்தைக் காட்டுவதற்கென்றே அவள் திரையில் ஒரு பத்தி உண்டு. அதற்குப் பெயர் ஸ்டீல். திருடுபோன நேரம்.

ஒருநாள் பிரிவின் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். அவருக்கு ஆபீஸில் பச்சை சார் என்று பெயர். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை. மெஷினுக்கு ஒரு கட்டம். நன்றாக இருந்தால் பச்சை, திணறினால் சிவப்பு. கட்டத்துக்குள் பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சின்ன எண். சுவர் முழுக்கப் பச்சையாக இருந்தால்தான் அவருக்கு டீ இறங்கும்.

"புது மெஷின் கேட்டா மேல கைய விரிச்சுட்டாங்க. இருக்கறதுலயே இடம் பண்ணணுமாம். சும்மா கிடக்கற வி.எம். எல்லாத்தையும் அளந்து எனக்குச் சொல்லு. அணைச்சுடலாம்."

"அதைப் பாத்துக்கிறவங்க?"

"மெஷினே இல்லன்னா ஆள் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியதோ என்னவோ, "அது என் வேலை இல்லம்மா. நீ அளந்து குடு, போதும்" என்றார்.

அவள் அளந்தாள். பெரும்பாலானவற்றில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நடுவில் மூன்று மெஷின்கள் வந்தன. எந்த நேரத்தில் பார்த்தாலும் தூக்கம். டிஸ்க்கில் எழுதுவதில்லை, நெட்வொர்க்கில் அனுப்புவதில்லை. பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். படுக்கை ஒதுக்கீடு. அது அத்தானுடையது.

அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் கணவர். அதே மருத்துவமனையில், அதே கட்டிடத்தில், இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருந்தார். பிறர் முன்னால் அவரை சார் என்பாள். அப்பா அம்மா போன பிறகு கல்லூரி முடியும்வரை அவள் இருந்தது அவர் வீட்டில்தான். ஒருநாள்கூட "எப்போ போறே" என்ற பார்வையை அவர் முகத்தில் அவள் பார்த்ததில்லை.

எந்த வார்டில் எந்தப் படுக்கை காலி, யாரை எங்கே அனுப்பலாம் என்று சொல்லும் நிரலை அவர்தான் தனியாளாக எழுதினார். ஒரு காலத்தில் அவசரப் பிரிவே அதை நம்பி ஓடியது. பிறகு மருத்துவமனை வெளியிலிருந்து பெரிய மென்பொருள் ஒன்றை வாங்கியது. இரண்டும் சேர்ந்தே ஓடட்டும், ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்றார்கள். அப்படியே வருடங்கள் போய்விட்டன. ஆறாவது மாடித் தலைமை நர்ஸ் மட்டும், "எனக்குப் புதுசு பிடிபடலை சார், உங்களோடதுதான் கண்ணுக்கு நல்லா இருக்கு" என்று பிடிவாதமாகப் பழையதையே திறந்துகொண்டிருந்தாள். போன வருடம் அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் அத்தானிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தான், சும்மா இருக்கற மெஷினை எல்லாம் அளக்கச் சொல்லியிருக்காங்க. உங்களோடது மூணும் அதுல வருது. நான் இன்னும் எழுதிக் குடுக்கலை. அதுக்குள்ள நீங்க பச்சை சார்கிட்ட பேசி வேற ஏதாவது வேலை வாங்கிக்கங்களேன்."

அவர் கைகழுவிய ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாத்து சும்மா இருக்குன்னு சொல்றாங்க?"

"பிராசஸர் எவ்வளவு வேலை செய்யுதுன்னு."

"அதை மட்டுமா?"

"பச்சை சார் அதை மட்டும்தான் பாப்பாரு" என்றாள். சொன்னது விளக்கமாகத்தான். யோசனை கொடுப்பதாக அவள் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி அளந்தபோது மூன்று மெஷின்களும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. யாரோ மறுபடி பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள் என்பதுதான் சரி. பட்டியலிலிருந்து அந்த மூன்றையும் எடுத்துவிட்டு மீதியைக் கொடுத்தாள். பச்சை சார் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, "சபாஷ்" என்றார்.

இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. பேசியவன் அங்கே டெக்னீஷியன். ஒல்லியான ஆள், ஊசி என்று கூப்பிடுவார்கள். அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

"மீட்டர் அக்கா, ஊசி பேசறேன். ரிசல்ட்டு இங்க ரெடியாயிடுது, வார்டு ஸ்கிரீனுக்குப் போக மாட்டேங்குது. டாக்டருங்க என்னைப் போட்டு வறுத்து எடுக்கறாங்க. என் உடம்புல வறுக்கறதுக்கு என்ன இருக்குக்கா?"

அவள் சிரித்துக்கொண்டே ஆய்வக மெஷினைத் திறந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டீல் பத்தியில் முப்பதுக்குக் கீழே எண் இறங்கவே இல்லை. நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த மெஷின் சும்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறது. முடிவை அனுப்பும் நிரல், குறித்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து அனுப்பும். மறுபடி கெடு தாண்டும். பின்னால் வரிசை நீளும்.

திருடுவது யார் என்று தேடப் போனாள். ஒரே கணினிக்குள் ஆய்வகத்துக்குப் பக்கத்துக் குடித்தனம் அத்தானின் மூன்று மெஷின்கள். உள்ளே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கைத் தொடவில்லை. யாரோடும் பேசவில்லை. திறந்து படித்தாள். ஒரு எண்ணோடு இன்னொரு எண்ணைக் கூட்டுவது, விடையைத் தூக்கிப் போடுவது, மறுபடி கூட்டுவது. அவ்வளவுதான்.

அவள் படியேறி இரண்டாவது மாடிக்குப் போனாள். அறையில் அவர் மட்டும் இருந்தார்.

"அத்தான், அந்தக் கூட்டல் எதுக்கு?"

அவர் மறைக்கப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ கண்டுபிடிச்சுடுவேன்னு தெரியும். வேற யாருக்கும் தெரியாதுன்னும் தெரியும்."

"ஆய்வகம் திணறுது அத்தான். உங்க மெஷின் எடுத்துக்கறது அவங்களோட நேரம்."

"அவங்களும் அதே பெட்டிக்குள்ளயா?" அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். "எனக்கு அது தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கண்ணெதிரே அந்தக் கூட்டலை நிறுத்தினார். பிறகு திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒரு வருஷமா யாரும் உள்ள வரலை. தினம் காலையில வந்து யாராவது வந்தாங்களான்னு பாப்பேன். நான் பாக்க வந்தது மட்டும்தான் அதுல பதிஞ்சிருக்கும். உங்கக்கா சாயங்காலம், இன்னிக்கு வேலை ஜாஸ்தியான்னு கேப்பா. ஜாஸ்திதான்னு சொல்லுவேன். அவளும் கால் அமுக்கி விடுவா."

"நான் பட்டியல்ல சேக்கலை அத்தான். யாரும் கேக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். ஆய்வகம் பழையபடி ஓடியது. ஊசி போன் செய்து, "கை ராசிக்காரி" என்றான். விஷயம் காதும் காதும் வைத்தமாதிரி முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

பத்து நாள் போயிருக்கும். பச்சை சார் ஒரு காலை வேளையில் இரண்டாவது மாடிப் பக்கம் போனவர், அத்தானின் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். "என்ன சார், உங்க கட்டம் மறுபடி தூங்குது போலிருக்கே? நாளைக்கு மேலேர்ந்து ஆள் வராங்க, சுவரைப் பாப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவர் அதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். அத்தான் மறுநாள் காலை அந்தக் கூட்டலை மறுபடி ஓடவிட்டார். ஒரே ஒரு நாள், மேலேயிருந்து வந்தவர்கள் போனதும் நிறுத்திவிடலாம் என்று.

மீட்டர் அன்று ஊழியர் பயிற்சி என்று வேறு கட்டிடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

சிறுநீரக வார்டில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். திடகாத்திரமான ஆள். அன்று காலை எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவுக்கு ஏறியிருந்தது. ஆய்வகத்தில் முடிவு மதியத்துக்கு முன்பே தயார். வார்டுத் திரைக்கு அது வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் டிரைவருக்கு இதயம் நின்றுவிட்டது. மறுபடி ஓடவைக்க முடியவில்லை. முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டார்கள். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்" என்றார் அவர். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

டிரைவரின் மனைவி வராந்தாவில் அவருடைய செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை பயிற்சி முடிந்து அந்த வழியாகப் போனபோது மீட்டர் பார்த்தாள். யார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஊசியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஆபத்தான முடிவு வந்தால் திரையை நம்பாமல் வார்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று விதி. அவன் போன் செய்யவில்லை. அவன் திரையில் 'அனுப்பப்பட்டது' என்றுதான் காட்டியது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த குழாயை எடுத்துவிட்டான்.

கேள்விப்பட்டதும் அவள் கட்டளை தட்டி முந்தைய நாளின் அளவுகளை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்டீல் பாதியைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் யார் ஓடினார்கள் என்று பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தாள்.

அத்தான் அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"நான் கொன்னுட்டேன்னு சொல்ல வந்தியா?"

"அப்படிச் சொல்லலை அத்தான். உயிர் அதனாலதான் போச்சான்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஊசி தலையில மொத்தத்தையும் கட்டறாங்க. விசாரணை வைக்கறாங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. தெரியாம நடந்ததுன்னு சொல்லுங்க."

"தெரியாமயா? நீதான் வந்து சொன்னியே."

அவள் போய் விளக்கைப் போட்டாள்.

"சொல்றேன். நானே சொல்றேன்" என்றார் கடைசியில்.

விசாரணை அறை வாசல்வரை அவர் போனார். அங்கே போட்டிருந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பியூன் வந்து, "யாரைப் பாக்கணும் சார்?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்ல, ஃபேன் காத்துக்கு உக்காந்தேன்" என்று எழுந்து வந்துவிட்டார். இதை அவரேதான் பிறகு அவளிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மருத்துவக் கண்காணிப்பாளர், பணியாளர் பிரிவு அதிகாரி, ஓரத்தில் பச்சை சார். அவள் அளவுகளை எடுத்து வைத்து, அடுத்த வீட்டுக்காரன் குழாயைத் திறந்துவிட்டால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வருகிற மாதிரி என்று முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். டெக்னீஷியன் அனுப்பிவிட்டான், மெஷின்தான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்றாள்.

கண்காணிப்பாளர் பச்சை சாரைப் பார்த்தார். அவர் தன் கையிலிருந்த தாளைத் திருப்பினார்.

"அன்னிக்கு முழுக்க ஆய்வக மெஷின் பச்சைதான் சார். சராசரிக் காத்திருப்பு அஞ்சு சதவீதம். அஞ்சுங்கறது ஒண்ணுமே இல்ல."

"சராசரி எடுத்தா தெரியாது சார்" என்றாள் அவள். "ராத்திரி சும்மா இருந்த நேரத்தையும் சேத்துக் கூட்டறீங்க. அந்த ஒரு மணி நேரத்தைப் பாருங்க."

"எல்லாரும் சராசரியைத்தானேம்மா பாக்கறோம்?"

"சராசரியாப் பாத்தா அந்த வாரம் அந்த டிரைவர்கூட நல்லாத்தான் சார் இருந்தாரு."

பணியாளர் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வார்த்தையை அளந்து பேசுங்க" என்றார். பிறகு, "பக்கத்து மெஷின்ல அப்படி என்ன ஓடுச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். படியேறும்போதே தெரியும். ஊசிக்கு ஒரு அம்மாவும் கல்யாணமாகாத தங்கையும் என்று தெரியும். அக்காவின் முகமும் கண்ணெதிரே நின்றது. அவள் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் காது அடைத்துக்கொண்டமாதிரி இருந்தது. அவர்கள் பேசியது கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

அவள் சொன்னதில் பாதியை நம்பினார்கள். அத்தான் பொய்யாக மெஷினை ஓடவிட்டு ஏமாற்றினார் என்ற பாதியை. அதற்கு யாருக்கும் கணக்கு புரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் ஆய்வகம் தாமதமானது என்ற மீதிப் பாதிக்கு, "நிரூபிக்கப்படவில்லை, அளவுகள் இயல்பான வரம்புக்குள் உள்ளன" என்று எழுதினார்கள். மெஷின்மேல் குற்றம் என்றால் மருத்துவமனை பதில் சொல்ல வேண்டும். போன் செய்யாத டெக்னீஷியன் என்றால் அவனோடு போயிற்று. ஊசியையும் அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மெஷின்களையும் அணைக்கும் வேலை அவளிடமே வந்தது. கட்டளையைத் தட்டிவிட்டு, உறுதியா என்று அது கேட்டதற்கு ஆம் என்று அடித்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. கூட்டல் நின்ற அன்றே ஆய்வகத்தின் காத்திருப்பு அடியோடு விழுந்திருந்தது. பூஜ்யம், பூஜ்யம் என்று வரி வரியாக ஓடியதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் காலியான இடத்தில் பச்சை சார் வண்டி நிறுத்துமிடத்தின் கேமராக்களைக் குடிவைத்தார். காத்திருப்பு மறுபடி ஏறியது. அவள் போய்ச் சொன்னாள்.

அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "பாரும்மா. எது சிவப்பா இருக்கு, சொல்லு?"

ஊசி இப்போது ஒரு தனியார் கிளினிக்கில், ரத்தம் எடுத்த குழாய்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். சிக்னலில் அவளைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினான்.

"எனக்காகப் பேசினீங்களாமே அக்கா. சொன்னாங்க."

"பிரயோஜனம் இல்லாமப் போச்சுப்பா."

"இல்லக்கா, அவங்க சொன்னதும் சரிதான். ஒரு போன். எடுத்து டயல் பண்ண எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? படுத்தா அதேதான் ஓடுது."

"உன் மேல தப்பு இல்ல. மெஷின்தான். நான் அளந்து பாத்தேன்."

அவன் ஹெல்மெட்டின் பட்டையை நிமிண்டிக்கொண்டு நின்றான். "நீங்க நல்லவங்க. அதான் அப்படிச் சொல்றீங்க" என்றான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. போய்விட்டான்.

அக்கா வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே விடாமல் நிற்கவும் இல்லை, வழிவிட்டு ஒதுங்கவும் இல்லை. உள்ளறையில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தங்கையின் குரல் கேட்டதும் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது.

"சாப்டியா?" என்றாள் அக்கா.

"ஆச்சுக்கா. அத்தான்?"

"இருக்காரு." அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "உன் மேல எனக்குக் கோவமில்லடி. நீ சொன்னதுல பொய் இல்லைன்னு அவரே சொல்றாரு. ஆனா, நீ எதுவுமே சொல்லாம இருந்திருந்தாலும் அந்தப் பையனை அனுப்பியிருப்பாங்க இல்ல?"

"ஆமாக்கா."

"சொன்னதுக்கு அப்புறமும் அனுப்பிட்டாங்க."

"ஆமா."

"அப்ப எதுக்குடி சொன்னே?"

அக்கா சண்டைக்காகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தாள். படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. மேல்வீட்டுக்காரர் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"இனிமே வரதா இருந்தா ஒரு போன் பண்ணிட்டு வா" என்றாள் அக்கா. "அவர் வெளியில போற நேரமா பாத்துச் சொல்றேன்."

"எப்போ போவாரு?"

அக்கா உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"எங்கயும் போறதில்ல" என்றாள்.